நாத்திகர் வீட்டு நத்தார்

கிறிஸ்து பிறந்த திருநாளை ஈழத்துத் தமிழர் ‘நத்தார்’ என வழங்குவர். போர்த்துக்கேயர் இந்நாட்டை விட்டகன்றபோது உடன் கொண்டுபோக மறந்த சொற்களுள் இதுவும் ஒன்று. அவர்களுடைய ‘நத்தால்’ நம்மவர் நாவிற் பழகி நத்தார் ஆயிற்று. பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றே இதற்கு மூலம். அம்மூலத்திலிருந்தே பிரெஞ்சு மொழியிலே ‘நோயல்’ என்னுஞ் சொல்லும் கிளைத்தது. எனவே, நத்தாரும் நோயலும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். நோயல் என்ற பெயர் பூண்ட குழந்தை ஒன்றைப் பற்றிப் பின்னர் பேச இருப்பதால், இவ்வுறவை இங்கேயே சொல்லி வைத்தோம்.

கடவுள் உண்டென்று கொள்ளாத ஒருவன் நத்தாரைக் கொண்டாடலாமா? மேனாடுகளில் இவ்வினா ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் எழுப்பப்படுகின்றது. அவனை இரு சாராரும் இடித்துரைக்கின்றனர். ‘தொழ வராதவனுக்கு விருந்து எதற்கு?’ என்பர் பக்தர். ‘கேக்குத் துண்டொன்றுக்காகக் கொள்கையை விற்றாயே!’ என்பர் அவனுடைய தோழர். இடையில் நிற்பவன் சிரித்து மழுப்பி விடுகின்றான். ஆனால், வினா சிரிப்புக்குரியதன்று. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடிப்பது பொய். தாயும் தந்தையும் உற்றாரும் கூடும் நாளில் அவர்களை விட்டு விலகி நிற்பதோ கொடுமை. பொய்க்கும் கொடுமைக்கும் நடுவே வழி ஏதேனும் உண்டா என்பதே கேள்வி.

நாத்திகர் சார்பில் அடிக்கடி சொல்லப்படும் நியாயம் ஒன்றை முதலில் ஆராய்வோம். டிசம்பர் 25ஆந் திகதி கிறிஸ்தவர்க்கு உரியதே அன்று, உரோமரின் சூரிய விழாவையே திருச்சபை கைப்பற்றிக் கொண்டது என்பர் அவர். இயேசு பிறந்த திகதியை நற்செய்தி நூல்கள் கூறவில்லை என்பது உண்மையே. உரோமாபுரியில் அத்திகதி கிறிஸ்து பிறப்பு நாளாகக் கொள்ளப்பட்டதற்கு 354ஆம் ஆண்டைச் சேர்ந்த பஞ்சாங்கத் தொகுப்பொன்று சான்றாக உள்ளது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், 274இல், ஒளரேலியன் என்னும் பேரரசன் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்குக் கோயில் எடுத்தான் என்பதும் உண்மையே. ஆயினும், ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று அடித்துரைக்கச் சான்று போதாது. மார்ச் 25இல் கன்னி கருவுற்றாள் எனக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பெற்ற திகதியே இது என்று கூறும் அறிஞரும் உளர். பிறர் நம்பிக்கைக்குச் சான்று கேட்பவர் தம் கட்சிக்குக் கிடைத்த செவிவழிச் செய்தியை மட்டும் சோதியாமல் ஏற்பது அழகன்று.

சூரியனுக்கும் அவ்விழாவுக்கும் நெருக்கம் உண்டு என்பதை மட்டும் மறுக்க முடியாது. இலண்டனில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது எட்டு மணித்தியாலமும் நிறைவதில்லை. மாலை நாலு மணிக்கே இருள் கவிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலமளவு நீடிப்பதால், அவ்விருளின் பாரம் நமக்கு எளிதில் விளங்காது. விளக்கும் நெருப்பும் விருந்தும் அந்நாட்டார்க்கு அழகுப் பொருள்கள் மாத்திரம் அல்ல, மனிதரின் உயிர்த் தேவைகள்.

இனி, நத்தாரைத் தடை செய்தவர்கள் யாவர் என்று பார்த்தால் வியப்பு மேலிடும். இங்கிலாந்திலே அதனை முதலில் ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பக்தியில் முதிர்ந்த பியூரித்தர். வேதத்தில் விதிக்கப்படாத திருநாள், பாப்பரசர் சமயத்தின் எச்சம், குடிக்கும் கூத்துக்கும் சாட்டு என்பன அவர்கள் கூறிய குற்றங்கள். 1647இல் பாராளுமன்றம் நத்தாரையும் உயிர்த்த ஞாயிறு முதலிய திருநாள்களையும் நீக்கிச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நத்தாரன்று கன்ரபெரி நகரில் கடை திறந்து வைத்த வணிகர்மேல் பொதுமக்கள் பாய்ந்தனர், நகரிற் பெருங்கலகம் மூண்டது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பின்னரே திருநாளும் திரும்பியது. கடல் கடந்து மசச்சூசெற்சில் குடியேறிய பியூரித்தர் 1659இல் நத்தார் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் அபராதம் விதித்தனர். 1681 வரை அச்சட்டம் நின்றது. ஸ்கொத்லாந்தில் நத்தார் பொது விடுமுறை ஆனது 1958ஆம் ஆண்டில்தான்! ஆகவே, திருநாளை மறுப்பது நாத்திகரின் அடையாளமும் அன்று, கொண்டாடுவது ஆத்திகரின் அடையாளமும் அன்று.

அரசுகளும் இதில் கை வைத்துப் பார்த்தன. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் புதிய பஞ்சாங்கம் வகுத்தபோது, அர்ச்சிட்டவர்களின் பெயர்களை நீக்கி, ஒவ்வொரு நாளுக்கும் செடி, கருவி, விலங்கு என ஒவ்வொரு பெயர் சூட்டினர். அப்பஞ்சாங்கத்தில் டிசம்பர் 25ஆந் திகதிக்கு வாய்த்த பெயர் ‘நாய்’. (ஐந்தாம் நாளுக்கு விலங்கின் பெயர் என்பது அவர்கள் வகுத்த விதி. வேண்டுமென்றே செய்த கேலி என நாம் கொள்ளவேண்டியதில்லை.) 1806 புத்தாண்டோடு நெப்போலியன் அதனைக் கைவிட்டான்.

சோவியத்து நாட்டில் கதை இன்னும் நீளமானது. 1929இன் பின் நத்தார் விடுமுறை நீங்கியது. அலங்கரித்த மரமும் பழைய மூடத்தின் சின்னமெனப் பழிக்கப்பட்டு மறைந்தது. ஆனால் 1935 டிசம்பர் 28இல், பொஸ்திஷெவ் என்னும் கட்சித் தலைவர் ‘பிராவ்தா’ பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதி, குழந்தைகளுக்கு மரத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு கேட்டார். சில நாட்களுக்குள்ளேயே மரம் மீண்டது. பெயர் மட்டும் புத்தாண்டு மரம் என மாறியது. உச்சியில் பெத்லகேம் விண்மீன் இருந்த இடத்தில் ஐம்முனைச் செவ்விண்மீன் ஏறியது. மரத்தை மீட்டுத் தந்த பொஸ்திஷெவ் 1939இல் தம் கட்சியின் அரசினாலேயே கொல்லப்பட்டார். மரமோ இன்றும் நிற்கின்றது. 1991இலிருந்து ஜனவரி 7ஆந் திகதி அந்நாட்டில் நத்தார் விடுமுறையாகவும் விளங்குகின்றது.

நமது காலத்துப் பகுத்தறிவாளர் சிலர் வேறொரு வழி கண்டுள்ளனர். டிசம்பர் 25இல் நியூற்றன் பிறந்தார், ஆதலால் அன்றைத் தினத்தை நியூற்றன் திருநாளாகக் கொள்வோம் என்பது அவர்கள் யோசனை. வேடிக்கை என்ற அளவில் இது நன்று. ஆனால் 1642 டிசம்பர் 25 என்பது இங்கிலாந்து அப்போது கைக்கொண்டிருந்த பழைய பஞ்சாங்கத்தின் கணக்கு. இன்று நாம் கொள்ளும் முறைப்படி அது 1643 ஜனவரி 4. அதுவும் போக, நியூற்றன் நாத்திகர் அல்லர். தானியேலின் தரிசனத்துக்கும் யோவானின் வெளிப்பாட்டுக்கும் உரைகாண அவர் செலவிட்ட காலம் கொஞ்சமன்று. திரித்துவக் கொள்கையை அவர் இரகசியமாக மறுத்ததும் கடவுளை மறுத்தமையால் அன்று, கடவுள் ஒருவரே என்று அழுத்தமாக நம்பியமையால். அப்பெரியார் எழுந்து வந்தால், தமக்கு விழா எடுக்கும் இக்கூட்டத்தைக் கண்டு முதலிற் சீறுபவர் அவராகவே இருப்பார்.

விஞ்ஞானமும் சமயமும் பிறவிப் பகைவர் என்ற எண்ணம் இவ்விவாதங்களுக்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றது. டிரேப்பர் என்பார் 1874இல் எழுதிய நூலொன்று இதனைப் பெரிதும் பரப்பிற்று. கலிலியோவை 1633இல் திருச்சபை தண்டித்தது மெய். ஆனால் அந்த ஒரு வழக்கைக் கொண்டு வரலாறு முழுவதையும் அளக்க இன்றைய வரலாற்றாசிரியர் உடன்படார். யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிலே மேனாட்டு வானசாத்திரம் கற்பிக்கப்பட்டது. கிரகணக் கணிதத்தையே பஞ்சாங்கக்காரருக்கு எதிரான ஆயுதமாக எடுத்துத் தம் சமயத்துக்கு ஆள் தேடினார் டானியல் பூவர் பாதிரியார். அங்கே விஞ்ஞானம் ஒரு சமயத்தின் வேலைக்காரனாக வந்து மற்றொரு சமயத்தின் வாசலில் நின்று வழக்காடியது. பின்னாளில் பிரபஞ்சம் விரிகின்றது என 1927இல் கணித்துக் காட்டிய லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவருடைய ஆராய்ச்சியைப் படைப்புக்குச் சான்றாகப் பாப்பரசர் 1951இல் எடுத்தாண்டபோது மனம் வருந்தியவரும் அவரே. விஞ்ஞானம் ஒருபுறமும் விசுவாசம் ஒருபுறமுமாக நிற்கட்டும் என்பது அவர் நிலை.

இப்போது நோயலிடம் வருவோம்.

தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்னும் உயிரியலறிஞர் டார்வினின் ‘புல்டோக்’ நாய் எனப் புகழ்பெற்றவர். 1856ஆம் ஆண்டின் கடைசி இரவில், மனைவி பிரசவ வேதனையில் இருக்க, அவர் தம் நாட்குறிப்பின்முன் அமர்ந்திருந்தார். வாழ்நாளில் தாம் செய்ய வேண்டியன யாவை, பொய்மைகள் எத்துணைப் பெரியனவாயினும் அவற்றை எப்படிச் சாடவேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார். பிறக்கப் போகும் பிள்ளையே இவையெல்லாம் கைகூடும் என்பதற்கு ஈடு என்று தோன்றுவதாகவும் எழுதினார். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஆண்குழந்தை பிறந்தது. கடவுளுக்கு நன்றி என ஒரு வரி சேர்த்தார். அந்தச் சொல் அவரையறியாமலே வந்ததோ, யாரறிவார்! நத்தார்க் காலத்திற் பிறந்த அப்பிள்ளைக்கு நோயல் என்று பெயரிட்டனர்.

1860 ஜூன் 30இல் ஒக்ஸ்போட் நகரில் புகழ்பெற்ற அந்த வாதம் நிகழ்ந்தது. மேற்றிராணியார் வில்பபோசும் ஹக்ஸ்லியும் மனிதனின் மூதாதை குரங்கா என்பது பற்றி மோதிக்கொண்டனர் என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். அன்று பேசப்பட்டவற்றைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைத்தவர் எவருமிலர். கேட்டோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகவே பின்னர் எழுதினர். தாவரவியலறிஞர் ஹூக்கரும் அங்கே பேசினார். மேற்றிராணியாரை மடக்கியவர் தாமே என்பது அவர் எண்ணம். எவ்வாறாயினும் ஹக்ஸ்லியின் பெயர் நாடெங்கும் பரவியது.

அதன்பின் பதினொரு வாரங்களே கழிந்தன. செப்டெம்பர் 15இல் நோயல் செங்காய்ச்சலால் இறந்தான். நோய் கண்டு இரண்டே நாள். நாலு வயதும் நிரம்பவில்லை.

சார்ல்ஸ் கிங்ஸ்லி என்னும் பாதிரியார் அவருக்கு ஆறுதற் கடிதம் வரைந்தார். கிங்ஸ்லி டார்வினை வெறுத்தவர் அல்லர், ஹக்ஸ்லியை மதித்தவர். மரணத்துக்கு அப்பால் வாழ்வு உண்டு என்ற நம்பிக்கையே இவ்வேளையில் துணை என்று அவர் நினைத்தது இயல்பே. அதற்கு ஹக்ஸ்லி செப்டெம்பர் 23இல் எழுதிய மறுமொழி மிக நீண்டது. மேனாட்டு அறிஞரின் கடிதங்களுள் இதற்கு நிகரானவை சிலவே என்பது எமது துணிபு. ஆன்மா அழியாதது என்பதைத் தாம் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை என்றார். நம்புவதற்குக் காரணம் காணேன், பொய்யென நிறுவவும் வழி காணேன் என்பது அவர் சொன்னதன் சாரம். தமக்கு அந்த நம்பிக்கை இனிமையாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஏற்கத் தம் நேர்மை இடங்கொடாது என்றார்.

அக்கடிதத்தில் அடக்கச் சடங்கு பற்றிய பகுதி ஒன்று உண்டு. சவப்பெட்டியின் அருகே நின்றபோது, கடமைப்படி குரு வாசித்த வேதவாக்கியம் அவர் காதில் விழுந்தது. இறந்தோர் எழுவதில்லையாயின் உண்போம், குடிப்போம், நாளை மடிவோம் என்ற பவுலடியாரின் வாசகம் அது. தாம் அதிர்ந்து போனதாக ஹக்ஸ்லி எழுதுகிறார். பிள்ளையை இழந்தமையால் மனிதத் தன்மையையும் விட்டெறிந்து விலங்காய்ப் புரள வேண்டுமா? குரங்கும் அப்படிச் செய்வதில்லையே! குட்டியைச் சுட்டு வீழ்த்தினால் தாய்க் குரங்கு துயரம் ஆறும்வரை துக்கம் காக்கின்றதேயன்றி, உடனே வயிறு புடைக்கத் தின்னப் போவதில்லையே என்று கேட்டார். மூன்று மாதங்களுக்கு முன் மேடையிலே விவாதப் பொருளாய் இருந்த குரங்கு, இப்போது துக்கத்திற் பங்காளியாய் வந்து நின்றது.

அந்த டிசம்பர் 11இல் ஹக்ஸ்லி தம்பதிகளுக்கு மற்றோர் ஆண்குழந்தை பிறந்தது. லெனாட் எனப் பெயரிட்டனர். அவ்வீட்டில் அவ்வாண்டு நத்தார் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும். மனைவியார் சமயப் பற்றுடையவர். குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்க விரும்பினார். ஹக்ஸ்லி மறுக்கவில்லை. மகிழ்ந்து உடன்படவுமில்லை. அப்பேச்சு எழுந்தால் சடங்கு முடியும்வரை தமக்குச் சினமே என்று ஒளியாமற் கூறினார். ஆயினும் ஹூக்கருக்கு எழுதி, ஞானத் தந்தையாய் நிற்குமாறு கேட்டுக்கொண்டார். இந்த நாடகத்தை மெய்யாக்க ஒரே வழி, அதனை நண்பருடன் பிணைக்கும் மேலுமொரு கட்டாகக் கொள்வதே என்பது அவர் கண்ட சமாதானம்.

அக்குளிர்காலத்திலேதான் இலண்டனில் இன்னொன்று நடந்தது. றோயல் இன்ஸ்ரிரியூஷன் மண்டபத்தில் மைக்கேல் பரடே சிறுவர்க்கு நத்தார் விரிவுரை ஆற்றினார். 1825இல் தொடங்கிய அவ்விரிவுரைத் தொடர்களில் பத்தொன்பதைப் பரடே ஒருவரே நிகழ்த்தினார். 1860-61இல் நடந்தது அவருடைய கடைசித் தொடர். பொருள், ஒரு மெழுகுதிரி. வெப்பத்தால் உருகும் மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகளூடே மேலேறுவதும், ஆவியாகி எரிவதும், சுவாலையினுள்ளே கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிவிடுவதும், எரிந்து முடிந்தபின் நீராவியும் கரியமில வாயுவும் எஞ்சுவதும் ஒவ்வொன்றாகச் சோதனை மூலம் காட்டப்பட்டன. இறுதி விரிவுரையிலே, நம் மூச்சும் ஒருவகை எரிதலே என்று கொண்டுபோய் நிறுத்தினார். சிறுவர் கண்முன் எரிந்த திரியும் அவர்கள் நெஞ்சில் நடந்த சுவாசமும் ஒன்றாயின. நத்தார் மெழுகுதிரியைக் கொண்டாடுவதற்கு இதனிலும் சிறந்த முறை ஒன்று உண்டோ? இதைச் செய்த பரடேயோ சாண்டிமானியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையின் மூப்பராய் இருந்தவர், ஆழ்ந்த பக்தர். ஆனால் விஞ்ஞான மேடையிலே விசுவாசத்தைக் கலப்பது அவருக்கு உடன்பாடன்று. எனவே ஆத்திகர் வகுத்த அவ்விருந்தில் நாத்திகரும் கூச்சமின்றி அமரலாயிற்று. 1991இல் அதே விரிவுரைத் தொடரை நிகழ்த்தியவர் பெயர்பெற்ற நாத்திகரான றிச்சட் டோக்கின்ஸ். போர்க்காலத்தில் 1939 முதல் 1942 வரை மட்டுமே அத்தொடர் தடைப்பட்டது.

அந்த டோக்கின்ஸ் 2007இல் பி.பி.சி.க்குக் கூறுகையில், தாம் பண்பாட்டளவிற் கிறிஸ்தவர் என்றும், நத்தார்க் கீதங்களை விரும்பிப் பாடுவதாகவும் சொன்னார். மறு ஆண்டு றொபின் இன்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர் இலண்டனில் கடவுளற்றோர்க்கான ‘ஒன்பது பாடங்களும் கீதங்களும்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் 1918 முதல் நடைபெறும் வழிபாட்டின் பெயரை அது விளையாட்டாக ஏற்றது. விஞ்ஞானிகளும் பாடகரும் விகடகவிகளும் அதில் மேடையேறினர். இவற்றுள் எமக்குப் பின்னதே பிடிக்கின்றது. கீதம் இனிது, ஆனால் அதன் பொருள் பொய் என்று கூறிக்கொண்டே பாடுபவர், பூவைப் பறித்துச் சூடிக்கொண்டு செடியைப் பழிப்பவர் போன்றவர். தாமே ஒரு செடியை நட்டுத் தண்ணீர் வார்ப்பவர் அதனினும் மேலானவர் அல்லரோ?

இலங்கையில் நாத்திகம் என்றதும் ஏபிரகாம் கோவூரின் நினைவு வராமற் போகாது. மலையாள நாட்டுக் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, பின் கொழும்பிலிருந்து பகுத்தறிவுச் சங்கத்தை நடத்தி, பேயையும் சாத்திரத்தையும் பந்தயம் வைத்துப் போருக்கழைத்தவர் அவர். 1978இல் இறந்தபோது தம் உடலை மருத்துவ மாணவர்க்கே விட்டுச் சென்றார். அத்தகையோர் இங்கு என்றும் சிலரே. ஆயினும் கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொள்ளாதோர் நத்தாரிற் பங்குகொள்வது நமக்குப் புதிதன்று. நாட்டிற் பெரும்பாலோர் அத்தகையோரே. றவையும் கஜுவும் சேர்ந்த கேக்கு, அயல் வீட்டிலிருந்து தட்டிலே வருகின்றது. சைவர் உண்கின்றனர், பௌத்தர் உண்கின்றனர், முஸ்லிம்கள் உண்கின்றனர். தைப்பொங்கலன்று அதே தட்டிலே பொங்கல் திரும்பிப் போகின்றது. இவர்களுள் எவரையும் நாம் கபடி என்று சொல்வதில்லை. கிறிஸ்தவ வீட்டிலே பிறந்து நம்பிக்கையை இழந்த பிள்ளையை மட்டும் அப்படிச் சொல்வானேன்?

அவனுடைய சங்கடம் கேக்கிலன்று, கோவிலிலே உள்ளது. நடுச்சாமப் பூசைக்குத் தாய் கூப்பிடுகிறாள். முதுமையில் அவளுக்குக் கைத்துணை வேண்டும். அவன் போகத்தான் வேண்டும் என்போம். பாலன் குடிலின்முன் அவள் முழந்தாளிட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பதில் பொய்யில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து நற்கருணை பெறச் செல்கையில் அவன் எழலாகாது. அது விருந்தன்று, விசுவாச அறிக்கை. அதை விசுவாசமின்றி வாங்குவது அவனுக்கும் பொய், கொடுக்கும் சபைக்கும் அவமதிப்பு. வெறுமனே அமர்ந்திருக்கும் மகனைத் திரும்பிப் பார்க்கும் அத்தாயின் முகம் வாடும். அதற்கு மருந்து எம்மிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. பூசை முடிந்து இருவரும் வீடு திரும்புகையில் அவளுடைய செபப்புத்தகத்தை அவன் சுமந்து வரலாம்.

ஹக்ஸ்லி 1895இல் மறைந்தார். நோயல் கிடக்கும் பின்ச்லி மயானத்திலேயே அவரும் அடக்கம் பெற்றார். அவருடைய கல்லறைமேல், அவர் விருப்பப்படியே, மனைவியார் பாடிய மூன்று அடிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் கடவுளும் இருக்கிறார், விழிப்பில்லா உறக்கம் என்ற எண்ணமும் இருக்கின்றது. அன்று நாடகமென்று சினந்துகொண்டே ஞானஸ்நானம் செய்வித்த லெனாட் வளர்ந்து எழுத்தாளரானார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1900இலும், ஹூக்கரின் வரலாற்றை 1918இலும் எழுதி வெளியிட்டவர் அவரே.